பூட்டிய கதவும் பாடிய வண்டியும்

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

ஒரு முறை அரசாங்கம் வந்து ஆலைக் கதவைப் பூட்டியது. மறுமுறை கடன்காரர்கள் வந்து எந்திரங்களை ஏலத்தில் விட்டார்கள். இரண்டு முறையும் வெறுங்கையுடன் தெருவில் நின்ற மனிதர் ஒருவரே. மூன்றாம் முறையாக அவர் தொடங்கிய சிறு தொழிலில் பிறந்ததுதான் மோட்டரோலா என்னும் பெயர். ஓடும் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம் என்பதைச் சாதாரண மக்களுக்கும் வழக்கமாக்கிய அந்த மனிதர் பால் வின்சென்ட் கால்வின்.

இவர் விஞ்ஞானி அல்லர்; இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்பியல் படிக்கும் மாணவன் ஒரு வணிகரின் வரலாற்றை எழுதுவானேன் என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒருவர் வந்து அமர்ந்து, பெரும் பணக்காரர்கள் பலர் படிக்காதவர்களே, பையனை ஏதாவது தொழிலில் விடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லாமல் போவதில்லை. கால்வினும் பட்டம் பெறாதவர்தாம். ஆகவே அவரைச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆனால் அவர் வாழ்க்கையை முழுவதும் படித்துப் பார்த்தால் கதை வேறு விதமாக அன்றோ இருக்கிறது!

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஹார்வர்டு என்னும் சிற்றூரில் 1895-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கால்வின் பிறந்தார். (புகழ்பெற்ற பல்கலைக் கழகம் இருப்பது இந்த ஊரில் அன்று.) அவ்வூரில் ரயில்கள் நின்று செல்லும். பயணிகளிடம் சோளப்பொரி விற்றுக் காசு சேர்த்த சிறுவர்களில் அவரும் ஒருவர். தொழில் நன்றாக நடப்பதைக் கண்டு ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பொரிப் பொட்டலத்துடன் ரயில் நிலையத்தில் குவிந்தனர். தள்ளுமுள்ளு பொறுக்காமல் ரயில்வேக்காரர்கள் அத்தனை பேரையும் விரட்டிவிட்டனர். போட்டி மிகுந்தால் கடையே இல்லாமற் போகும் என்பதை அவர் அந்த வயதிலேயே கண்டுகொண்டார் போலும். பின்னர் இல்லினாய்ப் பல்கலைக் கழகத்தில் ஈராண்டுகள் பயின்று இடையில் நிறுத்தினார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பிரான்சு சென்று திரும்பினார்.

1921-இல் எட்வர்டு ஸ்டூவர்ட் என்னும் நண்பருடன் கூட்டுச் சேர்ந்து, விஸ்கான்சின் மாநிலத்து மார்ஷ்ஃபீல்டு நகரில் பாட்டரி செய்யும் ஆலை ஒன்றை நிறுவினார். வரி பாக்கி ஏறிற்று. 1923-இல் ஒரு நாள் உணவு உண்டுவிட்டுத் திரும்பியபோது ஆலைக் கதவில் அரசாங்கப் பூட்டுத் தொங்கியதாம். உள்ளே மாட்டியிருந்த தம் மேலங்கியை எடுக்கக்கூட அவரை விடவில்லை என்று சொல்வார்கள். கையில் மனைவி, குழந்தை, வருமானம் இல்லை. சிகாகோவில் மிட்டாய் செய்யும் நிறுவனம் ஒன்றில் முதலாளியின் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

1926-இல் அதே ஸ்டூவர்ட்டுடன் மீண்டும் பாட்டரித் தொழில். மீண்டும் தோல்வி. ஆனால் இந்த இரண்டாம் தோல்வியில் ஒரு பொருள் மிஞ்சியது. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் பாட்டரியால் இயங்கியவை. வீட்டு மின்சாரத்திலிருந்தே அவற்றை இயக்க உதவும் பாட்டரி எலிமினேட்டர் என்னும் கருவியை அந்த ஆலை செய்து வந்தது. பாட்டரி விற்றவர்களே பாட்டரியை வேண்டாததாக்கும் கருவியையும் செய்தார்கள் என்பது வேடிக்கை. ஆலை ஏலத்துக்கு வந்தபோது கால்வின் தாமும் ஏலத்தில் நின்று, அந்தக் கருவி செய்யும் பகுதியை மட்டும் 750 டாலருக்கு எடுத்தார். 1928 செப்டம்பர் 25-ஆம் நாள், தம்பி ஜோசப்பையும் சேர்த்துக்கொண்டு, சிகாகோவில் கால்வின் உற்பத்திக் கழகத்தைத் தொடங்கினார். தொழிலாளர் ஐவர். கையிருப்பு 565 டாலர்.

மறு ஆண்டே, 1929-இல், பங்குச் சந்தை சரிந்தது. பெரிய நிறுவனங்கள் விற்காமல் கிடந்த வானொலிப் பெட்டிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டன. எலிமினேட்டருக்கும் தேவை குறைந்தது. மின்சாரத்திலேயே நேராக இயங்கும் வானொலிகள் வந்துவிட்டன. வீட்டு வானொலியில் இனி வாழ்வில்லை என்று கண்ட கால்வின் பார்வை காரின் மேல் விழுந்தது.

காரில் வானொலி வைத்த முதல் ஆள் கால்வின் அல்லர். 1920-களிலேயே சிலர் பெருஞ்செலவில் பொருத்திக்கொண்டனர். ஆனால் வண்டியை நிறுத்தினால்தான் ஒழுங்காகக் கேட்கும். எஞ்சினை ஓட்டினால் பாட்டைவிட இரைச்சலே மிகுதி. ஏன் அப்படி? இங்கேதான் நம் பாடம் வருகிறது.

மின்காந்த அலைகளை முதன்முதலில் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டிய ஹெர்ட்ஸ், அதற்குப் பயன்படுத்தியது மின்பொறியைத்தான். பெட்ரோல் எஞ்சினிலோ ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கிறது. அது நிமிடத்துக்கு நூற்றுக் கணக்கான முறை பொறி விடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு பிளக்கும் ஒரு குட்டி ஹெர்ட்ஸ் ஒலிபரப்பி. நான்கு சிலிண்டர் வண்டி என்றால் நான்கு வேண்டாத வானொலி நிலையங்கள் நம் காதுக்கு நான்கடி தூரத்தில் ஒலிபரப்புகின்றன! இது போதாதென்று டைனமோவின் பிரஷ்ஷும் தன் பங்குக்குப் பொறி விடும்.

அடுத்த தொல்லை மின்னழுத்தம். அக்காலக் கார் பாட்டரி 6 வோல்ட். வால்வுகளின் இழையைச் சூடாக்க அது போதும். ஆனால் வால்வின் தகட்டுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்கெனத் தனி உலர் பாட்டரிகளைப் பெட்டியில் அடுக்கி, வண்டியின் அடித்தளப் பலகையில் துளை வெட்டிப் புதைத்தார்கள். ஏரியல் கம்பியைக் கூரைத் துணிக்குள் விரித்தார்கள். ஒரு வானொலி பொருத்துவதற்குள் வண்டியை அறுவை மேசையில் கிடத்தியது போலாகிவிடும்.

இவற்றைத் தீர்த்தவர்கள் யார்? அதே கட்டடத்தில் தனியாக வானொலிச் சுருள் தொழில் நடத்திய வில்லியம் லியர், இளைஞரான எல்மர் வேவரிங் முதலியோர். ஒவ்வொரு பிளக் கம்பியிலும் ஒரு மின்தடையை இட்டுப் பொறியின் அலையை அடக்கினர். டைனமோவில் கண்டென்சர் கட்டினர். இரைச்சல் தரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அடைத்தனர். கால்வின் செய்ததென்ன? சோளப்பொரி விற்ற அனுபவமும் இரண்டு தோல்விகளும் தந்த பிடிவாதத்தோடு, முடியும் வரை விடாமல் அவர்களைப் பக்கத்திலிருந்து உந்தினார். ஒவ்வொரு காசையும் எண்ணி அதற்காகவே செலவிட்டார். கடன் கேட்கப் போன வங்கிக்காரரின் காரிலேயே ஒரு வானொலியைப் பொருத்திக் காட்ட, சிறிது நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றிக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. கடன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு கூடியது. கால்வின் தம் ஸ்டூடிபேக்கர் காரில் வானொலியைப் பொருத்திக்கொண்டு, சிகாகோவிலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். மாநாட்டில் கடை போட இடம் வாங்கப் பணமில்லை. ஆகவே வாசலுக்கு வெளியே காரை நிறுத்தி, ஒலியைக் கூட்டி வைத்துவிட்டார். உள்ளே போக வந்தவர்கள் வெளியே நின்று கேட்டார்கள். தொழில் பிழைக்கும் அளவுக்கு ஆர்டர்கள் கிடைத்தன. அவ்வாண்டு விற்பனை 2 லட்சத்து 87 ஆயிரம் டாலர் அளவுக்கு எட்டியும் சிறிது நட்டமே கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெற்றி ஒரே நாளில் வந்துவிடவில்லை.

பெயரும் அப்போது பிறந்ததே. விக்ட்ரோலா முதலிய இசைப் பெட்டிகளின் பெயர்களில் ஒலித்த ஓலாவை மோட்டாருடன் ஒட்டி மோட்டரோலா என்றார். முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது தோன்றிய பெயர் என்பார்கள். அந்தக் கார் வானொலியின் விலை ஏறத்தாழ 110 டாலரிலிருந்து 130 டாலர் வரை. ஒரு நல்ல ஃபோர்டு காரே 650 டாலருக்குக் கிடைத்த காலம் அது! இத்தனை விலையுள்ள பொருளை வண்டியில் வைத்தால் திருடனுக்கும் ஆசை வரத்தானே செய்யும்? அக்காலக் கார் வானொலிகள் பலவற்றில் ஸ்டியரிங் தண்டில் பொருத்திய சிறு பெட்டியில்தான் திருகுகள் இருந்தன. அவற்றோடு பூட்டும் சாவியும் இருந்தன. பாட்டையும் பூட்டி வைத்த காலம் எனலாம். வாகனம் ஓட்டுகிறவன் கவனம் சிதறும், வானொலியைத் தடை செய்யுங்கள் என்ற குரலும் சில இடங்களில் எழுந்தது. இன்று கைப்பேசியைப் பற்றிப் பேசுவது போலவே.

சில ஆண்டுகளில் வைப்ரேட்டர் வந்தது. பாட்டரியின் நேர்மின்னோட்டத்தை அதிர்வுத் தகடு ஒன்று வெட்டி வெட்டி விட, டிரான்ஸ்ஃபார்மர் அழுத்தத்தை உயர்த்தியது. நம் ஆய்வகத்து இண்டக்‌ஷன் காயிலில் டக்டக்கென்று அடிக்குமே, அதே தத்துவந்தான். உலர் பாட்டரிப் பெட்டி ஒழிந்தது, விலையும் இறங்கியது. 1936-இல் காவல்துறை வண்டிகளுக்கென்றே ஒரு வானொலி செய்தனர்.

அதே 1936-இல் கால்வின் குடும்பத்துடன் ஐரோப்பா சென்றார். ஜெர்மனியைக் கண்டு, போர் வரப்போகிறது என்ற உறுதியுடன் திரும்பினார். படைவீரன் கையில் தூக்கிப் பேசும் வானொலி பற்றித் தம் பொறியாளர்களை ஆராய வைத்தார். ஹாண்டி டாக்கி என்னும் அக்கருவி 1941-இல் படைக்கு வந்தது, எடை 2.3 கிலோ அளவே. போர்க் காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் செய்தனர்.

இனித் திண்ணைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். 1940-இல் கால்வின், டேனியல் நோபிள் என்பவரைத் தேடி அழைத்து வந்தார். நோபிள் கனெக்டிகட் பல்கலைக் கழகப் பேராசிரியர். அம்மாநிலக் காவல்துறைக்கு எஃப்.எம். முறையில் இருவழி வானொலி அமைத்துத் தந்தவர். அவர் தலைமையில் உருவானதே முதுகில் சுமக்கும் வாக்கி டாக்கி. 1949-இல் ஃபீனிக்ஸ் நகரில் ஆய்வகம் ஒன்றை நிறுவவும் நோபிளே காரணம். அங்கே குறைகடத்தி ஆராய்ச்சி வளர்ந்தது. 1955-இல் கார் வானொலிக்கென உயர்திறன் டிரான்சிஸ்டரை அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டது. வைப்ரேட்டரும் பருத்த வால்வுகளும் மெல்ல விடைபெற்றன. பட்டம் பெறாத முதலாளி, படித்தவர்களைத் தேடித் தேடிச் சேர்த்ததனால் அன்றோ இத்தனையும் நடந்தன? தமக்கு வாய்க்காத கல்வியை அவர் ஒரு நாளும் இகழவில்லை. அதற்கு ஊதியம் கொடுத்து நாற்காலியும் கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லி ஒரு பையனின் புத்தகத்தை மூடுவது அவருக்கே இழைக்கும் அநீதி என்பது என் கருத்து.

போரின் நடுவே, 1942-இல், மனைவி லில்லியன் சொந்த வீட்டிலேயே கொலையுண்டார். கொலையாளி அகப்படவில்லை. கால்வின் வேலையில் தம்மைப் புதைத்துக்கொண்டார். 1947-இல் நிறுவனத்தின் பெயர் மோட்டரோலா என மாறியது. அதே ஆண்டு தொழிலாளருக்கு இலாபத்தில் பங்கு தரும் திட்டமும் வந்தது. மலிவு விலையில் தொலைக்காட்சிப் பெட்டியும் செய்தனர். 1956-இல் மகன் ராபர்ட்டைத் தலைவராக்கினார். 1959 நவம்பர் 5-ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1969-இல், நிலவில் கால் வைத்தவர்களின் குரலைப் பூமிக்கு அனுப்பிய கருவி மோட்டரோலா செய்தது.

காரில் வானொலி சொல்வதைக் கேட்பது போய், நாமே விரும்பிய பாட்டைப் போடும் முயற்சி அவர் இறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1956-ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் கார்களில் நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும் இசைத்தட்டுக் கருவி வைத்தார்கள். 1960-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 14 தட்டுகளைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவியைக் காருக்குச் செய்தது. தட்டைத் தலைகீழாக வைத்துப் பாட விட்டார்கள். குண்டும் குழியுமான சாலையில் ஊசி என்ன பாடுபட்டிருக்கும்! 1965-இல் எட்டுத்தட நாடாப் பெட்டி வந்தது. அதை உருவாக்கியவர் வேறு யாருமல்லர், பழைய லியரேதான். ஃபோர்டு கார்களுக்கு அக்கருவியைச் செய்து தந்தது மோட்டரோலா.

1984-இல் பயனியர் நிறுவனம் காருக்கான குறுந்தட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின் ஆறு, பத்து எனத் தட்டுகளை அடுக்கிய பெட்டியை டிக்கியில் வைத்து, முன்னால் ஒரு பொத்தானை அமுக்கித் தட்டு மாற்றும் ஏற்பாடு பரவியது. அதிர்வில் பாட்டு தாவாமலிருக்க, கருவி சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். இன்று புதுக் கார்களில் அது பெரும்பாலும் இல்லை, கைப்பேசியே பாடுகிறது.

திருடனுக்கான பூட்டு மட்டும் உருமாறிக்கொண்டே வந்தது. சாவி போய், முகப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வகை வந்தது. பின்பு ரகசிய எண். பாட்டரித் தொடர்பு அறுந்தால், களவு போய்விட்டோம் என்று கருவி எண்ணிக்கொள்ளும். மறுபடி மின்சாரம் வந்ததும் எண்ணைக் கேட்கும். சில முறை தவறாக அமுக்கினால் நெடுநேரம் காக்க வைக்கும். அந்த எண்ணுள்ள அட்டையைக் காரிலேயே வைக்கக் கூடாது, வீட்டில் வைக்க வேண்டும். என் சித்தப்பா வாங்கிய பழைய காருடன் முந்தைய சொந்தக்காரர் அந்த அட்டையைக் கொடுக்கவில்லை. பாட்டரி மாற்றிய நாள் முதல் அது சித்தப்பாவையும் திருடன் என்றே நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறது.