நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவரை யார் பார்த்துக்கொண்டார்கள்? நைட்டிங்கேலின் மறுபக்கம்

மே 12, உலக செவிலியர் தினம். யாருடைய பிறந்தநாள் அது என்று கேட்டால், ‘கைவிளக்கேந்திய காரிகை’ ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் என்று பலரும் சட்டென சொல்லிவிடுவார்கள். ஆனா, போர்முனையிலிருந்து திரும்பிய பிறகு அவருக்கு என்ன ஆச்சு?

வீட்டில் எதிர்ப்பு

1820-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் கடும் எதிர்ப்பு. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகே 1851-ல் ஜெர்மனியில் பயிற்சி எடுத்தார்.

ஸ்கூட்டாரியின் குளிர்காலம்

1854 நவம்பர். கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்காக, 38 நர்ஸ்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். குண்டடியைவிட காலரா, டைபஸ், வயிற்றுக்கடுப்புதான் அதிகம் பேரைக் கொன்றது. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் சுமார் 42%. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. அதன் பிறகு இறப்புகள் மளமளவெனக் குறைந்தன.

அந்த மே மாதம் நைட்டிங்கேலையே காய்ச்சல் சாய்த்தது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

வரவேற்பே வேண்டாம்

1856-ல் நாடே அவரைக் கொண்டாடக் காத்திருந்தது. அவரோ ‘மிஸ் ஸ்மித்’ என்ற பெயரில் சத்தமில்லாமல் ஊர் திரும்பினார். இறந்த வீரர்களின் நினைவு அவரை விடவில்லை. புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து இறப்புக் கணக்குகளைப் பார்த்தார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால்தான் பெரும்பாலானோர் இறந்தார்கள் என்பது தெளிவானது.

1857 ஆகஸ்டில் உடல்நிலை மொத்தமாகக் குலைந்தது. அப்போது வயது 37. அடுத்த பல வருடங்கள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே கழிந்தன. தீராத வலி, சோர்வு, மனச்சோர்வு. புரூசெல்லோசிஸ் தொற்று காரணமாக இருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்களின் கணிப்பு. போர் தந்த மன அழுத்தமும், குற்றவுணர்வும் சேர்ந்தன என்கிறார்கள் சில ஆய்வாளர்கள்.

படுக்கையிலிருந்து வேலை

அந்த நிலையிலும், ராணுவ மருத்துவமனைகளை மாற்றச் சொல்லி வரைபடங்களும் அறிக்கைகளும் தயாரித்தார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. 1910-ல், 90 வயதில் காலமானார்.

இன்று இந்தச் சோர்வை ‘பர்ன்அவுட்’ என்கிறோம். அன்று அதற்குப் பெயர்கூட கிடையாது. ஆனா ஸ்கூட்டாரி கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது: சாக்கடை சரியில்லாத மருத்துவமனையில், ஒரு நர்ஸ் எத்தனை இரவு கண்விழித்தாலும் போதாது.