வீடு கட்ட வந்தவர்

நான் படிக்கும் வளாகத்தைப் பெங்களூர் ஆட்டோக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்லுகிறார்கள். அங்குள்ள விமானவியல் துறைக் கட்டடத்தை நாள்தோறும் கடந்து போகிறவன் நான். ஆயினும் அதை வரைந்தவர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை. விடுதியை விட்டு வெளியே வீடு தேடி அலைந்து, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்ட ஒருவரிடமிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஒரு மாலையில்தான் நண்பர் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னார். ஓட்டோ கெனிக்ஸ்பெர்கர். வீடில்லாதவர்களின் பிரச்சினைக்கே வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியராம். அன்றிரவே நூலகத்துக்குப் போனேன்.

அவர் 1908இல் பெர்லினில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடக் கலை பயின்று அரசாங்க வேலையில் சேர்ந்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கும் சட்டம் வந்தது, வேலை போயிற்று. எகிப்து சென்று, பழைய எகிப்தியர் கதவுகளை எப்படிச் செய்தார்கள் என்பதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். சொந்த நாட்டின் கதவு அடைபட்டவர் கதவைப் பற்றி ஆராய்ந்தார் என்பதை எண்ணிச் சற்றே சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

பெங்களூருக்கு அவரைக் கொண்டுவந்தது ஒரு தாய்மாமன் உறவு. இயற்பியல் மாணவர்கள் பெயர் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் மாக்ஸ் பார்ன்தான் அந்த மாமன். சர் சி. வி. ராமன் அழைப்பின்பேரில் பார்ன் 1935இல் நம் கழகத்துக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அப்போது மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் பழக்கம் ஏற்பட்டது. அந்தப் பழக்கத்தின் பயனாக 1939இல் மருமகன் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். திவானுக்குக் குவிமாடங்களிலும் அலங்காரங்களிலும் ஆசை. இவருக்கோ நிழலும் காற்றும் கிடைத்தால் போதும், அலங்காரம் எதற்கு என்ற எண்ணம். இருவருக்கும் இடையே எத்தனை இழுபறி நடந்திருக்கும் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன். நம் விமானவியல் துறைக்கும் உலோகவியல் துறைக்கும் கட்டடங்கள் வரைந்தார். பின்னர் டாட்டாக்களுக்காக ஜாம்ஷெட்பூர் நகர விரிவுத் திட்டமும், 1948இல் ஒரிசாவின் புதிய தலைநகரான புவனேசுவரத்தின் திட்டமும் அவர் கையால் உருவாயின.

அதே 1948இல் நேருவின் அரசாங்கம் அவரை வீட்டு வசதி இயக்குநராக டில்லிக்கு அழைத்தது. பிரிவினையால் லட்சக்கணக்கான அகதிகள் கூரையின்றி நின்ற காலம். அகதியாக வந்த ஒருவருக்கே அகதிகளுக்கு வீடு கட்டும் பொறுப்பு கிடைத்தது. தொழிற்சாலையில் சுவர்ப் பலகைகளை வார்த்து, கொண்டுபோய்ப் பொருத்தினால் விரைவில் வீடுகள் எழும் என்று நம்பினார். டில்லியில் அரசாங்கத் தொழிற்சாலையும் அமைந்தது. ஆனால் பலகைகள் விரிசல் கண்டன. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, பத்திரிகைகள் சாடின. 1951இல் அவர் இந்தியாவை விட்டு லண்டனுக்குப் போய்விட்டார்.

நம்மில் பலர் இதோடு ஒதுங்கியிருப்போம். அவருடைய உண்மையான வேலை இதன் பிறகுதான் தொடங்கியது என்பேன். வீடு என்பது சுவர் மட்டுமன்று. நிலம் யாருடையது, அதற்கு என்ன விலை, எந்தச் சட்டம் அதைத் தருகிறது, கடன் யார் கொடுப்பார் என்பவையெல்லாம் சுவருக்கு முன்னே வருகின்றன என்பதை அவர் பின்னாளில் செய்தவை காட்டுகின்றன. 1950களில் ஐக்கிய நாடுகள் சபைக்காக கானா நாட்டுக்குச் சென்றபோது, சார்லஸ் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் உடனிருந்தார். வீட்டுச் சட்டத்தில் பெரும்புலமை உள்ளவர் அவர். அவர்கள் சொன்ன யோசனை மிக எளிது. மண்சுவரை மக்களே எழுப்பிக்கொள்கிறார்கள். அவர்களால் முடியாதது கூரைதான். ஆகவே கூரைக்கு மட்டும் கடன் கொடுங்கள் என்பது. தொழிற்சாலையில் முழு வீட்டையும் வார்க்க நினைத்தவரா இவர் என்று வியந்தேன்! 1963இல் இருவரும் ஜப்பானியரான சுசுமு கோபேயுடன் சிங்கப்பூருக்கும் ஆலோசகர்களாகச் சென்றார்கள்.

லண்டனில் கட்டடக் கலைச் சங்கப் பள்ளியில் வெப்ப நாடுகளுக்கான துறையை அவர் பல ஆண்டுகள் நடத்தினார். 1971இல் அது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்கு மாறி, வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு எனப் பெயர் பெற்றது, இன்றும் நடக்கிறது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பத்தாண்டுகள் உட்கார்ந்து வரைபடம் தீட்டி முடிப்பதற்குள் ஊரே வேறாகிவிடும். செய்துகொண்டே திட்டமிடு, தவறினால் திருத்து என்பது அவர் சொல்லிக்கொடுத்த முறை. டில்லியில் பட்ட அடி அந்தப் பாடத்தில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. வெப்ப நாட்டு வீடுகளைப் பற்றி அவர் மூவருடன் சேர்ந்து 1970களில் எழுதிய பாடநூலை நம் நாட்டுக் கட்டடக் கலை மாணவர்கள் நன்கு அறிவார்கள். நகர நிலக் கொள்கைகளைப் பற்றிப் பல நாட்டார் எழுதிய கட்டுரைகளை, ஓய்வு பெற்ற பின்னரும் தொகுத்து வெளியிட்டார். 1999இல் லண்டனில் காலமானார்.

வீடு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, விடுதியிலேயே இருக்கிறேன். சென்ற ஞாயிறு பிற்பகல், வெயில் ஏறியிருந்த வேளையில், விமானவியல் துறைக் கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தேன். நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தபடியே நடந்தேன்.