அக்கிராசனர் விட்டல்பாய்

ஸ்ரீ விட்டல்பாய் படேலை வல்லபாயின் தமையனார் என்று மட்டுமே பலர் அறிந்திருப்பது நமக்கு வருத்தந் தருகிறது. அந்நிய சர்க்கார் தம் வசதிக்காக அமைத்த சட்டசபையிற் புகுந்து, அதன் விதிகளைக்கொண்டே அந்தச் சர்க்காரைத் திணற அடித்தவர் அவர்.

1873-ல் குஜராத்தில் பிறந்தார். சீமை செல்வதற்காக வல்லபாய் முயன்று பெற்ற அநுமதி, வி. ஜே. படேல் என்ற பெயருக்கு வந்தது. சகோதரர் இருவருக்கும் தலையெழுத்துக்கள் ஒன்றே. தமையனார் முந்திச் செல்ல விரும்பவே தம்பி விட்டுக்கொடுத்தார். பாரிஸ்டராய்த் திரும்பிய விட்டல்பாய் 1912-ல் பம்பாய்ச் சட்டசபை அங்கத்தினரானார். அங்குள்ள நகரசபைகள் கட்டாய ஆரம்பக் கல்வியை ஏற்படுத்த வழி செய்த 1918-ம் வருஷத்துச் சட்டம் அவர் கொண்டுவந்ததே.

1923-ல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் இந்திய சட்டசபைக்குச் சென்றார். முட்டுக்கட்டை போடச் சென்றவர் அக்கிராசனத்தில் அமரலாமா என்ற கேள்வி எழக்கூடியதே. 1925 ஆகஸ்டில், நம் சென்னை திவான் பகதூர் டி. ரங்காச்சாரியாரை இரண்டே ஓட்டுக்களால் வென்று, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அக்கிராசனரானார். அன்று முதல் தமக்குக் கட்சியில்லை என்றார், சொன்னபடி நடந்தார். 1927-ல் மீண்டும் அப்பதவி போட்டியின்றியே அவருக்குக் கிடைத்தது.

நடுநிலைமை என்பது சர்க்காருக்குத் தலையாட்டுவதன்று. 1928 செப்டம்பரில் பொதுஜனப் பாதுகாப்பு மசோதாவுக்கு இரு புறமும் 61 ஓட்டுக்கள் விழுந்தன. இத்தகைய அசாதாரணச் சட்டத்தை விரும்புகிறவர்கள் சபையின் பெரும்பான்மையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டுமென்று கருதி, அவர் தமது ஓட்டை எதிராக அளித்தார். மசோதா விழுந்தது.

சர்க்கார் விடவில்லை, மறுவருஷம் மசோதா மீண்டும் வந்தது. அதற்குள் மீரத் சதி வழக்குத் தொடரப்பட்டுவிட்டது. வழக்கின் விஷயங்களைத் தொடாமல் மசோதாவை விவாதிக்க இயலாது. தொட்டாலோ, நீதிமன்றத்திலுள்ள விவகாரத்தைப் பேசலாகாதென்ற விதி குறுக்கே நிற்கும். ஆகவே வழக்கை வாபஸ் வாங்குங்கள், அல்லது மசோதாவை ஒத்திவையுங்கள் என்று யோசனை கூறினார். சர்க்கார் இரண்டுக்கும் இணங்கவில்லை. ஏப்ரல் 8-ந் தேதி அவர் தீர்ப்புக் கூறவிருந்த சமயத்திற்றான் பகத்சிங்கும் படுகேசுவர தத்தரும் சபையில் வெடிகுண்டு வீசினர். அமளியால் அவர் கருத்து மாறவில்லை. 11-ந் தேதி, மசோதாவை எடுத்துக்கொள்ள முடியாதென்று தீர்ப்பளித்தார். வைஸ்ராய் இர்வின் பிரபு அவசரச் சட்டம் பிறப்பித்தே தம் காரியத்தைச் சாதிக்க நேர்ந்தது. சபையை மதித்து ஆள்வதாகச் சொல்லிவந்த வேஷம் அன்று கலைந்தது.

உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கிய 1930 ஏப்ரலில் பதவியை உதறினார். அவ்வருஷமே சிறையும் புகுந்தார். அங்கே உடல் நலம் குன்றியது. பின்னர் ஐரோப்பா சென்றார். நோயுற்றிருந்த அவருக்கு ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் பணிவிடை செய்தார். 1933 அக்டோபர் 22-ந் தேதி ஜினீவாவுக்கருகில் காலமானார். அவரது உடல் கப்பலில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டுத் தகனஞ் செய்யப்பட்டது.