லால்பாக்கைப் பேணிய கிரும்பிகல்

பெங்களூரிற் குடியேறி வாழும் நம் குடும்பங்களுள் லால்பாக் பூங்காவிற்குச் சென்று வராத குடும்பம் இராது. பிள்ளைகளைப் பாறைமேல் ஏறவிட்டு, கட்டுச்சோற்று மூட்டைக்குக் காவலாய்க் கீழே அமர்ந்தவர்களே நாம். அப்பூங்காவினை 24 ஆண்டுகள் பேணிய ஜெர்மானியர் ஒருவரைப் பற்றி இம்மலரிற் கூற விழைகின்றோம்.

குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல் 1865-ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரை அடுத்த லோமன் என்னும் ஊரிற் பிறந்தார். தோட்டக்கலை கற்று, இங்கிலாந்தின் கியூ பூங்காவிற் பணிபுரிந்தார். 1893-இல் பரோடா மன்னர் சயாஜிராவின் பணியேற்று இந்தியா வந்தார். 1908-இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரைத் தம் நாட்டிற்கு வரவழைத்து, லால்பாக்கை ஒப்புவித்தார்.

அவர் கைக்கு வந்தது வெறும் நிலமன்று. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறை. அதன்மேல் கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் கோபுரம். ஜான் காமரன் காலத்தில் 1889-இல் எழுந்த கண்ணாடி மாளிகை. இயற்கையும் வரலாறும் இவ்வாறு பின்னிக் கிடக்கும் இடத்தில் புதிதாய் ஒரு குழி தோண்டுவதற்கும் நிதானம் வேண்டும்.

கிரும்பிகல் வெளிநாடுகளோடு விதைகளையும் செடிகளையும் பரிமாறிக்கொண்டார். அவர் காலத்தில், 1912-இல், மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது பூங்காவின் மதிலுக்கு வெளியே செய்த பணியே என்பது நம் கருத்து. ஒரு மரம் பூத்து ஓயுங்கால் மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு சாலைதோறும் மரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். இளவேனிலில் ஜக்கரண்டாவின் ஊதா நிறம்; அது உதிர்ந்த பின் குல்மொஹரின் செம்மை. மரம் நட்டவர் நிழலில் அமர்வதில்லை என்பர். இவரோ அமர்ந்தார், நெடுங்காலம் வாழ்ந்தமையால்.

1932-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் எச். சி. ஜவராயா பொறுப்பேற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, பகைநாட்டவர் என்று கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார், இந்நாட்டிற்கு அரை நூற்றாண்டளவு உழைத்தவர்! அதன் பின்னும் அவர் இந்நகரை நீங்கினாரல்லர். 1956-இல் இங்கேயே காலமானார். ஓசூர்ச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

லால்பாக்கில் அவர் பெயர் தாங்கிய பழைய மண்டபம், பேணுவாரற்றுச் சிதைந்து, 2017-இல் இடிந்து வீழ்ந்தது. பூங்காவை அடுத்த சாலையொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.