வள்ளிமலைத் திருப்புகழ்ச் சுவாமிகள்

ஆலயத்துக்கு அழகு கோபுரம்; அதற்கு உயிர், அடியார்கள் கூடி எழுப்பும் துதியொலி. கல்லும் சுதையும் காலத்தால் தேய்வுறும்போது திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துகின்றனர் அன்பர்கள். பாடல்களும் அவ்வாறே தேய்வுறும் தன்மையன. பாடும் நாவின்றேல் அவை மறைந்தொழியும். அருணகிரிநாதப் பெருமான் அருளிய திருப்புகழ்ப் பாக்கள் 16,000 என்பது மரபு. இன்று கிடைப்பவையோ 1,300க்குச் சற்று மேற்பட்டவையே. எஞ்சிய அச்செல்வமேனும் அழியாது மக்கள் நாவில் நிலைபெற வேண்டுமென்று தம் வாழ்வையே காணிக்கையாக்கிய மகான் வள்ளிமலை ஸ்ரீ சச்சிதானந்த சுவாமிகள். அத்தொண்டுக்கு வித்து விழுந்த இடம், திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே, தைப்பூசக் காவடிகள் நாடிச் செல்லும் பழநித் திருத்தலமே.

சுவாமிகள் கொங்கு நாட்டுப் பவானியை அடுத்த பூளக்காட்டில் 1870ஆம் ஆண்டு அவதரித்தார். பெற்றோர் இட்ட பெயர் அர்த்தநாரி. ஏட்டுக் கல்வி மிகுதியாக வாய்க்கவில்லை. மைசூர் அரண்மனையில் சமையல் பணியில் அமர்ந்து இல்லறம் நடத்தி வந்தார். தீராத வயிற்று நோய் அவரை வாட்டியது. மருந்துகள் பயன்படாமையால் பழநியாண்டவனே கதியென்று 1908ஆம் ஆண்டில் அத்தலத்தை அடைந்தார். தண்டாயுதபாணியின் அபிஷேகத் தீர்த்தத்தை நாள்தோறும் அருந்தி, மலையை வலம் வந்து தொண்டு புரிந்தார். நோய் நீங்கிற்று.

உடற்பிணி தீர்ந்த அத்தலத்திலேயே பிறவிப்பிணி தீரும் வழியும் அவருக்குப் புலப்பட்டது. ஒரு திருவிழாவில், தேவதாசி மரபில் வந்த நடனமாது ஒருவர் சுவாமியின் திருமுன் திருப்புகழ் ஒன்றைப் பாடி அபிநயித்தார். சந்தத்தின் துள்ளலும் பொருளின் ஆழமும் அர்த்தநாரியின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டன. அன்றுமுதல் வேறு நூல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கல்வி குறைந்தவராயினும் அரிதின் முயன்று ஒவ்வொரு பாடலாக மனனம் செய்யலானார்.

அதற்கு முன்னரே ஏடுகளில் முடங்கிக் கிடந்த அப்பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கியவர் முன்சீப் உத்தியோகம் வகித்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. அவர்தம் புதல்வர் வ. சு. செங்கல்வராய பிள்ளை அப்பணியைத் தொடர்ந்து அரிய உரையும் வகுத்தார். ஏட்டிலிருந்து நூலுக்குக் கொணர்ந்தவர் தந்தையும் மைந்தரும். நூலிலிருந்து நாவுக்குக் கொணர்ந்தவர் சுவாமிகள். இவ்விரு தொண்டுகளுள் ஒன்று இன்றேல் மற்றொன்று நிறைவுற்றிராது.

பின்னர் சுவாமிகள் துறவு பூண்டு வடநாட்டுத் தலங்களைத் தரிசித்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷிகளை அடைந்து பணிவிடை புரிந்தார். ஒருநாள் மகரிஷிகள் அவரை மலையிலிருந்து கீழே செல்லுமாறு பணித்தார். காரணம் அறியாது இறங்கிய அவரை அடிவாரத்தில் சேஷாத்திரி சுவாமிகள் எதிர்கொண்டார். திருப்புகழே அவருக்குரிய மகாமந்திரம் என்றும், வேறு சாதனம் வேண்டா என்றும், வள்ளிமலைக்குச் சென்று தவமியற்றுக என்றும் அம்மகான் உபதேசித்தருளினார். அவ்வாறே வள்ளிமலை சேர்ந்து ஆசிரமம் அமைத்தவர், உலகத்தாரால் திருப்புகழ்ச் சுவாமிகள் என்று போற்றப்பெற்றார்.

தனித்திருந்து பாடி முத்தி பெறுதல் அவருக்குப் போதுமானதாய்த் தோன்றவில்லை. அந்நாளில் ஆங்கிலப் புத்தாண்டு பிறந்தால், உத்தியோகஸ்தர்களும் பிரமுகர்களும் மாலையும் எலுமிச்சங்கனியும் ஏந்தித் துரைமார் மாளிகை வாயிலில் காத்துநிற்பர். துரைக்கெல்லாம் துரையாகிய தணிகேசனை அந்நாளில் வணங்குவதன்றோ மக்களுக்குப் பெருமை என்று சுவாமிகள் எண்ணினார். 1918ஆம் ஆண்டு பிறந்தபோது அன்பர்களைத் திரட்டித் திருத்தணிகைக்கு அழைத்துச் சென்றார். ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள் கொண்ட அம்மலையில், படிதோறும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி ஏறினர். கண்டித்தும் கடிந்தும் பேசாமல், மக்கள் நடக்கும் திசையை மட்டும் அவர் மாற்றினார். ஆங்கில ஆட்சி அகன்றது. திருப்படித் திருவிழாவோ ஆண்டுதோறும் இன்றும் பெருகி வருகின்றது.

இவ்விழாவின் பயனாகவும் சுவாமிகளின் இடையறாத யாத்திரைகளின் பயனாகவும் பல ஊர்களில் திருப்புகழ்க் குழுக்கள் தோன்றின. அவற்றின் அமைப்பு எளியது. பாடல் அறிந்த ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். சூழ்ந்திருப்போர் தாளத்தோடு தொடர்ந்து பாடுவர். விநாயகர் துதியில் தொடங்கி ஆறுபடைவீடுகளையும் பிற தலங்களையும் முறையே பாடிச் செல்வர். குரல்வளம் உடையார் இல்லார் என்னும் வேற்றுமை அங்கே இல்லை. கடினமான சந்தத்தில் ஒருவர் நா தடுமாறினால் அருகிருப்போர் நா அவரைத் தாங்கிச் செல்லும். வித்துவான் தனித்துப் பாடும் கச்சேரிக்கும் அடியார் கூடிப் பாடும் பாராயணத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கூடிப் பாடுவதற்கென்றே சுவாமிகள் அளித்த கொடை வேல்மாறல். அருணகிரியாரின் வேல் வகுப்பில் உள்ள 16 அடிகளை முன்பின்னாக மாற்றி 64 அடிகளாக அவர் கோத்தமைத்தார். ஒவ்வோர் அடியும் 4 முறை திரும்ப வருவதால், புதிதாய் வந்தமர்ந்தவரும் பாராயணம் முடிவதற்குள் சில அடிகளேனும் கற்றுக்கொள்வர். நோயுற்றோர்க்கு நலம் வேண்டி இன்றும் அன்பர்கள் அதனை ஓதி வருகின்றனர். நோயினால் வருந்திப் பழநிக்கு வந்த ஒருவர், பிறர் நோய்க்கு மருந்தாக அதனைத் தொகுத்தருளியது எண்ணுந்தோறும் உள்ளம் உருக்குவதாகும்.

1950ஆம் ஆண்டு சுவாமிகள் முருகன் திருவடி சேர்ந்தார். அவர் மூட்டிய சுடர் அணையவில்லை. 1958இல் தலைநகர் தில்லியில் அ. சி. இராகவன் தொடங்கிய திருப்புகழ் அன்பர்கள் குழு, இராகமும் தாளமும் அமைத்துப் பலருக்கும் பயிற்றி, வெளிநாடுகளிலும் அவ்வொலியைப் பரப்பியது.

திருப்பணிக்குப் பொருளீந்தோர் பெரும்புண்ணியர். கலசத்தில் ஊற்றிய புனிதநீர் ஒருநாளில் உலர்ந்துவிடும். மறு கும்பாபிஷேகம் வரையில் ஆலயத்தை நாள்தோறும் குளிர்விப்பது அடியார் கூட்டத்தின் பாட்டே. கிருத்திகைதோறும் சஷ்டிதோறும் பத்துப் பேரேனும் சந்நிதியில் அமர்ந்து கூடிப் பாடுவராயின், மறைந்துபோன பாடல்களுக்காக இரங்கும் நிலை இருப்பவற்றுக்கு நேராது. அக்கைங்கரியம் கைகூடப் பழநியாண்டவன் திருவருள் புரிவானாக.