முக்கொம்பு அணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் யார்? காவிரி மணலோடு மல்லுக்கட்டிய இன்ஜினியரின் கதை

ஞாயிற்றுக்கிழமை தில்லை நகரில் இருந்து பைக்கை எடுத்தால் முக்கொம்பு ரொம்ப தூரம் இல்லை. பூங்கா, பொரித்த மீன், ஷட்டர் பக்கம் நின்று ஒரு செல்ஃபி. பல திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு என்றால் இவ்வளவுதான். ஆனால் 1830-களில் அந்த இடத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பு எழும்பாமல் போயிருந்தால், தஞ்சாவூர் டெல்டா இன்று இப்படி இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதைக் கட்டியவர் சர் ஆர்தர் தாமஸ் காட்டன். கோதாவரிக் கரையில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அவர் தொழில் பழகிய காவிரிக் கரையில்தான் அவ்வளவாகத் தெரியவில்லை.

18 வயதில் இந்தியா

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் காட்டன். வீட்டில் 11 ஆண் பிள்ளைகள், இவர் பத்தாவது. அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் படித்து, மதராஸ் இன்ஜினியர்ஸ் படைப் பிரிவில் சேர்ந்து, 1821-ல் இந்தியா வந்தார். பாம்பன் நீரிணையில் சர்வே வேலை, நடுவில் பர்மா போர் என்று சில வருடங்கள் ஓடின. 1820-களின் கடைசியில் காவிரிப் பாசனப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது வயது முப்பதைத் தொடவில்லை.

காவிரிக்கு என்ன ஆச்சு?

இதைப் புரிந்துகொள்ள முக்கொம்பின் அமைப்பு தெரிய வேண்டும். அங்கேதான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு.

கொள்ளிடம் நேராக ஓடும், சரிவும் அதிகம். காவிரி சுற்றி வளைந்து, பல கிளைகளாகப் பிரிந்து, மெதுவாகப் போகும். மெதுவாகப் போகிற தண்ணீர் மணலையும் வண்டலையும் வழியிலேயே இறக்கிவிடும். வருடா வருடம் இப்படி இறங்கி இறங்கி காவிரியின் படுகை மேடாகிக்கொண்டே போனது. மேடு ஏறுமா தண்ணீர்? பெரும்பகுதி கொள்ளிடத்தில் விழுந்து நேராகக் கடலுக்குப் போனது. தஞ்சாவூர் வாய்க்கால்களுக்கு வர வேண்டிய தண்ணீர் குறைந்தது. அந்தக் காலத்தில் மேட்டூர் அணையும் கிடையாது, அது வந்தது 1934-ல். ஆறு கொடுத்தால்தான் சோறு.

இதற்கு முன்பே, 1804-ல் கால்டுவெல் என்ற ராணுவ இன்ஜினியர் (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு ஆள்) பிரச்சனையை ஆராய்ந்து, கல்லணையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார். தீவின் கிழக்கு முனையில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கி வரும் இடத்தில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்கு வழிந்துவிடாமல் காப்பதுதான் கல்லணையின் வேலை. உயரத்தைக் கூட்டியதில் தண்ணீர் நின்றது. கூடவே மணலும் நின்றுவிட்டது. 1830-ல் கல்லணையில் மணல் போக்கிகள், அதாவது அடியில் திறந்து மணலை அடித்துத் தள்ளும் மதகுகள் வைக்கப்பட்டன.

கல்லணைதான் வாத்தியார்

ஐரோப்பிய இன்ஜினியர்களுக்கு அன்று இருந்த நம்பிக்கை, அணை என்றால் அடியில் பாறை வேண்டும் என்பது. காவிரியில் தோண்டத் தோண்ட மணல்தான் வரும். அப்படியிருக்க, பாறையே இல்லாத இடத்தில் பல நூற்றாண்டாகக் கல்லணை எப்படி நிற்கிறது?

காட்டன் அதை உட்கார்ந்து படித்தார். பெரிய கல்லை ஆற்று மணலில் போட்டால், ஓடும் தண்ணீர் அதன் அடியில் இருக்கும் மணலை அரிக்கும், கல் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். இனி இறங்க முடியாது என்ற நிலை வந்தபின் அதற்கு மேல் களிமண் பூசிக் கட்டிக்கொண்டே போகலாம். இந்த வித்தையை இந்த ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொண்டதாகக் காட்டன் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட தடுப்பணைக்கு அனிகட் என்று பெயர். நம்ம அணைக்கட்டு என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது.

1836-38 காலகட்டத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், அங்கிருந்து வெகுதூரம் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணையின் வேலை தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்புவது. அதையும் மீறிக் கொள்ளிடத்தில் வருவதைப் பிடித்து வயலுக்கு அனுப்புவது கீழணை. வீராணம் ஏரிக்கு இன்றும் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகிறது.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். மேலணை வந்ததும் கதை தலைகீழானது. காவிரிக்குள் தண்ணீர் வேகமாகப் பாய்ந்ததால் அதன் படுகை அரிக்கப்பட்டு ஆழமானது, கொள்ளிடத்தின் தலைப்பில் மணல் மேடிட்டது. பிறகு காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு போட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் கை வைத்தால் ஆறு இன்னொரு பக்கம் பதில் சொல்லும்.

கோதாவரியும் எதிர்ப்பும்

காவிரியில் படித்த பாடத்தைக் காட்டன் கோதாவரிக்குக் கொண்டுபோனார். 1833 பஞ்சத்தில் துவண்டுபோயிருந்த பகுதி அது. 1847-ல் தவளேஸ்வரத்தில் தொடங்கிய அணை 1852-ல் முடிந்தது. அதன் பிறகு அந்த டெல்டா மாறியதை ஆந்திரா மறக்கவில்லை. அங்கே சிலை, மியூசியம் எல்லாம் உண்டு. புதிதாகக் கட்டிய அணைக்கும் அவர் பெயர்தான்.

அவரை மகானாக்கவும் வேண்டாம். அவர் கம்பெனி சம்பளக்காரர். பாசனம் பெருகினால் வரி வசூல் பெருகும் என்பதும் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. அவர் ஆதரித்த கர்னூல்-கடப்பா கால்வாய் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று கடைசிவரை வாதாடியவரை, 1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரித்தது.

வாய்க்காலை யார் தூர்வாருவது?

1854-ல் அவர் எழுதிய புத்தகத்தில், பழைய ஏரிகளையும் வாய்க்கால்களையும் கம்பெனி கவனிக்காமல் விட்டதைக் கடுமையாகச் சாடினார். விஷயம் இங்கேதான் இருக்கிறது. தலைப்பில் அணை கட்ட ஒரு இன்ஜினியர் போதும். அங்கிருந்து பிரியும் ஆயிரக்கணக்கான வாய்க்கால்களில் சேறும் மணலும் சேராமல் பார்ப்பது யார்?

தமிழ்நாட்டில் அதற்கு ஊர் இருந்தது. உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே வருகிறது, அது 10-ம் நூற்றாண்டு. பின்னாளில் குடிமராமத்து. தண்ணீர் வருவதற்கு முன் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை வெட்ட வேண்டும். கம்பெனி ஆட்சியில் வரியும் அதிகாரமும் ஊரை விட்டுப் போனதும் இந்தப் பழக்கம் தளர்ந்தது. 1858-ல் சட்டம் போட்டு வேலைக்கு இழுத்தார்கள், வராதவர்களிடம் பணம் வசூலிக்கவும் வழி செய்தார்கள். ஊர் தானாகச் செய்த வேலை, சட்டத்தால் பழையபடி திரும்பவில்லை.

அமெரிக்காவில் இது நேர்மாறாக நடந்தது. 1930-களில் புழுதிப் புயலில் விளைநிலத்தின் மேல்மண்ணே பறந்துபோன பிறகு, 1937 முதல் உள்ளூர் விவசாயிகளை வைத்து மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்டங்களை உருவாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2000-ல் விவசாயிகள் பாசன மேலாண்மைக்கு ஒரு சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டமும் வந்தது. பெயர் பழசு, ஆனால் பணம் அரசு கொடுத்தது.

கடைசிக் காலமும் 2018-ம்

ஓய்வுபெற்ற காட்டன் இங்கிலாந்தில் டார்கிங் என்ற ஊரில் தங்கினார். வயதான காலத்தில் தோட்டத்து மண்ணை ஆழமாகக் கிளறி கோதுமை விளைச்சலைக் கூட்ட முடியுமா என்று சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ல், 96-வது வயதில் இறந்தார்.

முக்கொம்பில் அவர் கட்டிய தடுப்பு பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டு, ஷட்டர்கள் வைத்த அணையாக நின்றது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தபோது அதில் 9 ஷட்டர்கள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடத்தில் மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். அணையின் வயதுதான் காரணம் என்றது அன்றைய அரசு. மணல் மூட்டைகளும் பாறைகளும் போட்டுத் தற்காலிகமாக அடைத்தார்கள். பிறகு 387.60 கோடி ரூபாய் திட்டத்தில், பழைய அணைக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை கட்டப்பட்டது.