நாவரசர் பெற்ற ஊதியம்

நூல் எழுதி வாழ விரும்பும் மைந்தனை நோக்கி, எழுத்துச் சோறிடுமோ என்று பெற்றோர் வினவுதல் இயல்பே. அவ்வினாவிற்கு விடை காணத் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகையிற் பாடத் தொடங்கிய திருநாவுக்கரசர் வாழ்வே போதும்.

திருவாமூரில், வேளாளர் குடியிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாய்ப் பிறந்தவர் மருணீக்கியார். அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியாரோ, தமக்கென உறுதி செய்யப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தபின், தம்பியின்பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியார் திருப்பாதிரிப்புலியூராகிய பாடலிபுத்திரத்திற் சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் எய்தினார். கல்வியும் புகழும் நிரம்பிய அந்நாளில் அவர் பதிகம் பாடியதாக வரலாறு இல்லை. சூலைநோய் வருத்த, செருக்கெல்லாம் நீங்கி, இரவிலே நடந்து தமக்கையார் அடைந்திருந்த திருவதிகைக்கு வந்தார். அவர் அளித்த நீற்றை அணிந்து வீரட்டானத்திறைவன் திருமுன் நின்றார். அப்பொழுதே முதற் பதிகம் பிறந்தது. நாவுக்கரசர் என்னும் பெயரும் அதனால் வந்தது. பட்ட துன்பமே பாட்டிற்கு வித்தாயிற்று.

பின்னர்ப் பல்லவ வேந்தன் அழைப்பிற்கு அவர் இணங்கினாரல்லர். நீற்றறையில் ஏழு நாள் அடைத்தனர், நஞ்சூட்டினர், யானையை ஏவினர், கல்லிற் பிணித்துக் கடலில் இட்டனர். ஒவ்வோர் இடரினும் அவர் கைக்கொண்ட துணை பாட்டே. முடிவில் மன்னனே மனந்திரும்பித் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்பர் சேக்கிழார். அம்மன்னன் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இனி ஊதியத்தைக் காண்போம். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்றபோது, சம்பந்தர்க்கும் அப்பர்க்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு இறைவன் படியாக அருளினான். சம்பந்தர் காசிற்கு வட்டம் இருந்தது. அப்பர் காசிற்கோ அஃதில்லை. அவர் உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் புல்லைச் செதுக்கி உடலால் உழைத்தவர் என்பதே அதன் காரணமாம். திருப்புகலூரில் அவ்வுழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைப் பரற்கற்களோடு ஒக்க வாரி வாவியில் எறிந்தார். பசிக்கு வேண்டும் காசைக் கொண்டார். மிகைப் பொன்னைக் கொண்டிலர். கோத்திரத்தாலும் குலத்தாலும் பயனில்லை என்றும் அவர் பாடியுள்ளார். குலத்தின் பெயராற் கூடும் நாம் இதனை மறத்தலாகாது.

81 ஆண்டு வாழ்ந்து அவர் பாடியவை 4,900 பதிகங்கள் என்பது மரபு. தில்லையிற் பூட்டியிருந்த ஏடுகளைச் செல் அரித்தமையால் இன்று எஞ்சியவை 300-க்குச் சற்று மேற்பட்டனவே. அவையே நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாயின.

ஆதலின், எழுத விரும்பும் மைந்தரைத் தடுக்கற்க. கையால் உழைக்கவும் கற்பியுங்கள். நாவை விலைபேசாதிருக்கவும் கற்பியுங்கள். அவர் எழுதியதைச் செல்லுக்கு இரையாக்காது காத்தல் நம் கடன்.